சவுக்கு அளவு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சவுக்குக் கொல்லையில் அளவெடுத்து வந்து கணக்குப் போட உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று இடிக்கும். போன வருஷம் 18 செ.மீ. இருந்த மரம் இந்த வருஷம் 17 என்று நிற்கும். ஏக்கருக்கு 50 டன் என்று தாளில் வந்தது, எடை மேடையில் 35-ஐத் தாண்டாது. உடனே சூத்திரம் தப்பு, குளோன் தப்பு, மண் தப்பு என்று பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலும் தப்பு டேப்பிலோ, மர எண்ணிக்கையிலோ, நிலப் பரப்பிலோதான் இருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், மரத்தை வெட்டிப் பார்க்கும் சோதனையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

மரக்காணம் முதல் சிதம்பரம் வரையுள்ள மணற்பாங்கான நிலங்களில், நட்டு 6 மாதம் முதல் 4 வருஷம் வரையான தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நாட்டுச் சவுக்கு, ஜுங்குனியானா, கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட சிஎச்-1, சிஎச்-5 போன்ற கலப்பினக் குளோன்கள், எதுவானாலும் அளக்கும் முறை ஒன்றுதான். சுற்றளவிலிருந்து மரத்தின் எடையைக் கணக்கிடும் எடைச் சூத்திரம் மட்டும் ரகத்துக்கு ரகம் மாறும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பத்து மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் அளக்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். அரை மணி நேரம் கழித்து அதே பத்தை, முந்தைய தாளைப் பார்க்காமல், மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் நடுவே சுற்றளவில் அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் அடிக்கடி வந்தால் கோளாறு கையில்தான். மேற்கொண்டு படிக்க வேண்டாம், அளக்கும் ஆளைப் பழக்குங்கள். வித்தியாசம் 2, 3 மி.மீ.க்குள் இருந்தால் கீழே போகலாம்.

## அறிகுறி 1: போன தடவையைவிடச் சுற்றளவு குறைவாக வருகிறது

ஒரு கொல்லையில் நிலத்துக்காரப் பெரியவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மரம் தேய்ஞ்சா போவும்?" என்று கேட்டார். தேயாது. குறைவு எங்கெல்லாம் வருகிறது என்பதைப் பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

### எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைவு

டேப் மாறியிருக்கிறது. சில டேப்புகளில் பூஜ்யம் கொக்கி நுனியிலேயே தொடங்கும். சிலவற்றில் கொக்கிக்கு அப்பால் சில செ.மீ. வெறுமையாக விட்டு, அதற்குப் பிறகுதான் கோடு தொடங்கும். இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒவ்வொரு மரத்திலும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும். பழைய டேப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய டேப் எங்கே என்றே தெரியவில்லை என்றால், எல்லா மரத்திலும் வரும் குறைவைக் கணக்கிட்டு அது ஒரே எண்ணைச் சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

தையல்காரர் துணி டேப்பை வைத்து அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நாளடைவில் நீளும். நீண்ட டேப் குறைத்துத்தான் காட்டும். இரும்பு டேப்போ கண்ணாடி இழை டேப்போ 200, 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் அது வேறு கதை. மரம் அளப்பதற்கென்றே விற்கும் டேப்பில் ஒரு பக்கம் சுற்றளவும் மறுபக்கம் விட்டமும் இருக்கும். 20 செ.மீ. சுற்றளவு மறுபக்கத்தில் 6.4 என்று தெரியும். புதிதாக வந்த ஆள் விட்டப் பக்கத்தைப் படித்திருப்பார். 3.1416-ஆல் பெருக்கினால் தாள் பிழைத்துக்கொள்ளும்.

### எல்லா மரத்திலும் குறைவு, ஆனால் அளவு மரத்துக்கு மரம் வேறு

அளக்கும் உயரம் மாறியிருக்கிறது. மார்பளவு உயரம் என்பது தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. தரை எது என்பதில்தான் வம்பு. முதல் வருஷம் வாய்க்கால் போட்டு மண் அணைத்திருப்பார்கள், அடுத்த வருஷம் மழையில் அது கரைந்திருக்கும். கடலோர மணலில் காற்றே தரையை மாற்றிவிடும். 5 மீட்டர் உயர இளமரம் கூம்பு போல மெலிந்துகொண்டே போவதால், டேப் ஒரு சாண் மேலே ஏறினாலே சுற்றளவு ஏறக்குறைய 1 செ.மீ. குறைந்துவிடும். அது ஒரு வறண்ட வருஷத்தின் வளர்ச்சியையே விழுங்கப் போதும்.

முதல் தடவை அளக்கும்போதே டேப் பிடித்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் வளையம் போட்டுவிடுங்கள். ஆணி அடிக்கக் கூடாது. ஆணியைச் சுற்றிக் கட்டை வீங்கும், வெட்டும்போது வாள் பல்லும் போகும். வளையம் அழிந்துபோயிருந்தால் 1.37 மீட்டருக்கு வெட்டிய மூங்கில் குச்சியை வைத்துப் புதிதாகப் போடுங்கள். இந்த வருஷத்தைப் புதிய தொடக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய அளவோடு ஒப்பிட்டு வளர்ச்சி சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. மரம் 2 மீட்டர் ஆகும்வரை வேர்க்கழுத்தில் (தண்டு மண்ணைத் தொடும் இடத்தில்) வெர்னியர் காலிப்பர் வைத்து அளப்போம், அப்புறம் மார்பளவுக்கு மாறுவோம். மாறும் வருஷத்தில் இரண்டையும் அளந்து வைக்காவிட்டால், தாளில் தோட்டமே ஒரு வருஷத்தில் மெலிந்துபோனது போலத் தெரியும்.

### ஒரு வரிசையிலிருந்து தொடங்கி எல்லாம் கலைந்திருக்கிறது

சில மரம் 6 செ.மீ. ஏறியிருக்கும், பக்கத்து மரம் 5 இறங்கியிருக்கும். இது எண் தப்பியதன் அடையாளம். முதல் வரிசை வடக்கிலிருந்து தெற்காக, இரண்டாவது தெற்கிலிருந்து வடக்காகப் போன வருஷம் அளந்திருப்பார்கள். இந்த வருஷம் ஆள் எல்லா வரிசையையும் வடக்கிலிருந்தே தொடங்கியிருப்பார். அல்லது நடுவில் ஒரு மரம் பட்டுப்போக, அதன் எண்ணை அடுத்த மரத்துக்குக் கொடுத்திருப்பார்.

இதைத் தாளிலேயே சரிசெய்யலாம். அந்த வரிசையின் மிகத் தடித்த மரத்தையும் மிக ஒல்லியான மரத்தையும் இரண்டு தாளிலும் குறியுங்கள். ஒன்று போன வருஷம் 4-ஆம் இடத்திலும் இந்த வருஷம் 3-ஆம் இடத்திலும் இருந்தால், அங்கிருந்து ஓர் இடம் தள்ளிப் பொருத்துங்கள். செத்த மரத்துக்கும் எண் உண்டு. அந்தக் கட்டத்தில் "பட்டது" என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக் கூடாது. பாடுவாசி (கன்று பட்டுப்போன இடம்) நிரப்பி நட்ட மரமாக இருந்தால் அதைத் தனிக் குறியோடு எழுதுங்கள். ஒரு வயது குறைந்த கன்றை மூத்த மரத்தின் எண்ணில் வைத்துப் பார்த்தால் மரம் தேய்ந்துதான் தெரியும்.

### அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரத்தில் மட்டும்

டேப் சாய்ந்திருக்கலாம். 20 டிகிரி சாய்ந்தால் சுற்றளவு 3 விழுக்காடு கூடும். போன வருஷம் சாய்த்துப் பிடித்து இந்த வருஷம் நேராகப் பிடித்தால் குறைவுதான் வரும். சுற்றளவில் 3 விழுக்காடு என்றால் எடையில் 6, 7 விழுக்காடு என்பதை மறக்க வேண்டாம். கிளைக் கணு வீக்கத்தின் மேல் டேப் விழுந்தாலும் இதே நிலைதான். வீக்கம் இருந்தால் அதற்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் அளந்து சராசரி போடுங்கள். நாட்டுச் சவுக்கில் அடிமரம் வட்டமாக இல்லாமல் பள்ளமும் மேடுமாக இருக்கும். அங்கே காலிப்பர் வைப்பவர்கள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை வைக்க வேண்டும்.

பட்டை உரிந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் பட்டை காய்ந்து 1, 2 மி.மீ. சுருங்குவதும் உண்டு. அப்படி வரும் சின்னக் குறைவைத் தாளிலிருந்து நீக்காதீர்கள். குறைந்தவற்றை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு, அதே கைப்பிசகால் கூடியவற்றை வைத்துக்கொண்டால் சராசரி வளர்ச்சி பொய்யாக ஏறிவிடும். வளர்ச்சியைச் சிறப்பாகக் காட்டும் பல அறிக்கைகளின் ரகசியம் இதுதான் என்பது என் சந்தேகம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பட்டை கொப்புளமாக வெடித்து, உள்ளே கரித்தூள் போலக் கறுப்புப் பொடி தெரிந்தால் டேப்பை மடித்து வையுங்கள். அது கொப்புளப்பட்டை நோய், மரத்தையே கொல்லும். வனக் கல்லூரியிலோ மரப்பெருக்கு நிறுவனத்திலோ நோயியல் பார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

## அறிகுறி 2: உயரம் நம்பும்படி இல்லை

### உயரம் எல்லாம் ஒன்றரை மீட்டர் குறைவு

கோணமானி வைத்து அளந்தவர் தன் கண் உயரத்தைக் கூட்டவில்லை. கூட்டிவிடுங்கள், முடிந்தது.

### உயரம் தாறுமாறாக அதிகம்

மரத்துக்கு மிக அருகில் நின்றிருக்கிறார்கள். சவுக்கு நுனி துடைப்பம் போலத் தளர்ந்து ஆடும், எது உச்சி என்று கீழிருந்து தெரியாது. 9 மீட்டர் மரத்தை 6 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், நம் பக்கம் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் 8 மீட்டர் உயரக் கிளை நுனி உச்சியை மறைத்துக்கொண்டு 9.3 மீட்டர் என்று கணக்குக் காட்டும். 12 மீட்டர் தள்ளி நின்றால் அதே கிளை உச்சிக்குக் கீழே போய்விடும், உண்மையான உச்சி தெரியும். குறைந்தது மரத்தின் உயரம் அளவுக்காவது தள்ளி நில்லுங்கள். நெருங்கிய நடவில் உள்ளே நின்று பார்க்க வழியே இல்லை என்றால், 8 மீட்டர் வரை நீட்டுக்கம்பே நல்லது. ஒருவர் கம்பைப் பிடிக்க, இன்னொருவர் வரிசைக்கு வெளியே நின்று "இன்னும் கொஞ்சம், சரி" என்று சொல்ல வேண்டும்.

கம்பு கண்ணாடி இழையாக இருக்கட்டும். கொல்லை நடுவே மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இருக்கும். அலுமினியக் கம்பை அங்கே தூக்கவே கூடாது. இழைக் கம்பானாலும் ஈரமாக இருந்தால் கம்பிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

### உயரம் குறைந்திருக்கிறது

காலையில் அளந்தீர்களா, பிற்பகலா? கடற்காற்று ஏறிய பிறகு நுனி வளைந்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் முடிப்பது நல்லது. அடுத்ததாக நுனி ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒடிந்த மரத்தைக் குறித்து வைத்து, வளர்ச்சிச் சராசரியிலிருந்து தனியே எடுத்துக் காட்டுங்கள். எடைக் கணக்கில் மட்டும் அது இருந்தே ஆக வேண்டும்.

புயலுக்குப் பிறகு சாய்ந்த தோட்டத்தில் (2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பின் கடலூர்ப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும்) உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் மரம் எவ்வளவு நீளம் என்பதும் இரண்டு வேறு எண்கள். எடைக்கு நீளம்தான் வேண்டும், அடியிலிருந்து மரத்தோடு ஒட்டி அளங்கள்.

டிரோன் எடுத்த உயரம் கம்பு அளவைவிடக் குறைவாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மெல்லிய நுனி படத்தில் விழுவதில்லை. முப்பது மரத்தையாவது கம்பால் அளந்து எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கூட்டித்தர முடியாத டிரோன்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி 3: சராசரி மட்டும் துள்ளி ஏறுகிறது, ஒவ்வொரு மரமும் அவ்வளவு ஏறவில்லை

சின்ன மரங்கள் செத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஐந்து மரம் வைத்துப் பாருங்கள்: 8, 10, 18, 20, 24 செ.மீ. சராசரி 16. அடுத்த வருஷம் முதல் இரண்டும் பட்டுப்போகின்றன, மற்றவை 19, 21, 25 ஆகின்றன. சராசரி 21.7. தாளில் 5.7 செ.மீ. வளர்ச்சி, மரத்தில் வெறும் 1 செ.மீ.

இருக்கும் சரக்கு கூடியதா என்று பார்க்க ஒவ்வொரு சுற்றளவையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுங்கள். முதல் வருஷம் 1464, இரண்டாம் வருஷம் 1427. கொல்லையில் கட்டை குறைந்திருக்கிறது! சராசரியை மட்டும் பார்த்து வங்கிக்கோ ஆலைக்கோ அறிக்கை கொடுத்தவர் பிறகு பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு தடவையும் உயிரோடிருந்த மரங்களின் வளர்ச்சியைத் தனியாகவும், பட்டுப்போன எண்ணிக்கையைத் தனியாகவும் எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

## அறிகுறி 4: எடை மேடையும் கணக்கும் ஒத்துப்போகவில்லை

சண்டை வருவது இங்கேதான். நிலத்துக்காரர், வியாபாரி, வெட்டுக்கூலி ஆள், அளந்தவர் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். முதலில் எந்தப் பக்கம் வித்தியாசம் என்று பாருங்கள்.

### கணக்கு அதிகம், மேடை குறைவு

அலகு. ஹெக்டேருக்கான எண்ணை ஏக்கருக்கு எழுதினால் 2.47 மடங்கு ஏறும். சுற்றளவு கேட்கும் சூத்திரத்தில் விட்டத்தையோ, செ.மீ. கேட்கும் இடத்தில் அங்குலத்தையோ போட்டிருந்தால் விடை அபத்தமாக இருக்கும், கண்ணிலேயே தெரியும்.

மர எண்ணிக்கை. 4 அடிக்கு 4 அடி நட்டால் ஏக்கருக்கு 2,722 மரம் என்பது நடவுக் கணக்கு. அறுவடையில் அத்தனை நிற்காது. நட்ட எண்ணிக்கையைப் போட்டுப் பெருக்குவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய பிழை. அடித்தூரை எண்ணிப் பாருங்கள், வெட்டிய பிறகும் இதைச் செய்யலாம்.

மாதிரிக் கட்டத்தின் எல்லை. இது சற்று நுணுக்கம், ஆனால் பெரிய தொகையைத் தின்னும். ஒன்றரை மீட்டர் இடைவெளித் தோட்டத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போடுகிறோம். கயிற்றை மரத்தோடு ஒட்டித் தொடங்கினால் பக்கத்துக்கு 7 மரம் விழும், 49 மரம். ஒரு மரவரிசையைச் சற்றே தாண்டித் தொடங்கினால் 6 வரிசைதான் விழும், 36 மரம். நிஜத்தில் 100 சதுர மீட்டருக்கு 44 மரம். கயிற்றை எங்கே கட்டினோம் என்பதை வைத்தே 10 விழுக்காடு கூடவோ 19 விழுக்காடு குறையவோ வந்துவிடுகிறது. தீர்வு எளிது. கட்டத்தை மீட்டரில் போடாதீர்கள், வரிசையில் போடுங்கள். 6 வரிசைக்கு 6 வரிசை என்று எடுத்து, இரண்டு வரிசைக்கு நடுவில் தொடங்கி நடுவில் முடியுங்கள். பரப்பு 9க்கு 9, அதாவது 81 சதுர மீட்டர், இரண்டு சென்ட். கட்டத்துக்குள் செத்த இடங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

ஓர வரிசை. வரப்போர மரம் வெயிலும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்துத் தடித்திருக்கும். நடந்துபோக வசதி என்று ஓரத்திலேயே கட்டம் போட்டிருந்தால் கணக்கு ஏறும். இரண்டு வரிசை விட்டு உள்ளே போங்கள்.

நிலப் பரப்பு. பட்டாவில் இரண்டு ஏக்கர் இருக்கும். வரப்பு, மோட்டார் கொட்டகை, வண்டிப்பாதை, தண்ணீர் நின்று கன்று வராத பள்ளம் எல்லாம் போக நட்டது அவ்வளவு இருக்காது. செல்போனில் பரப்பளக்கும் செயலியை ஓடவிட்டு, நட்ட இடத்தின் ஓரமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

எதை எடை போட்டார்கள். ஆலைக்கு ஏற்றுவது ஒரு குறிப்பிட்ட தடிமன் வரையான கட்டைதான். அதற்கு மேல் உள்ள நுனியும் மிளாறும் கொல்லையிலேயே கிடக்கும், அல்லது விறகுக்குப் போகும். உங்கள் சூத்திரம் மரம் முழுவதற்குமா, கட்டைக்கு மட்டுமா? பட்டையோடா, பட்டை நீக்கியா? வெட்டியவர்கள் குனிய அலுத்துக்கொண்டு ஓர் அடி உயரத்தில் வெட்டியிருந்தால், மரத்தின் மிகத் தடித்த பகுதி தரையில் நிற்கிறது.

எத்தனை நாள் கழித்து எடை. பச்சைக் கட்டை வெட்டிய மணியிலிருந்தே தண்ணீரை இழக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் லாரி கிடைக்கவில்லை என்று நாலைந்து நாள் கிடந்தால் இழப்பு கையில் தூக்கினாலே தெரியும். இதைச் சோதிக்கப் பத்துக் கட்டையைக் கட்டி, வெட்டிய அன்றே எடை போட்டுக் குறியிட்டு, ஏற்றும் நாளில் மறுபடி எடை போடுங்கள். ஊகம் பேச வேண்டியதில்லை, அந்த விகிதத்தையே முழு லோடுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மேடை. காலி வண்டி எடையை ஒவ்வொரு நடைக்கும் போட்டார்களா, முதல் நடையின் எடையையே எழுதிக்கொண்டார்களா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு லோடை வேறு மேடையிலும் ஏற்றிப் பாருங்கள். வித்தியாசம் தொடர்ந்து வந்தால், மேடையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். வாய்ச்சண்டையால் ஒரு கிலோகூடக் கூடாது.

சூத்திரம். இத்தனையும் பார்த்த பிறகுதான் இது. ஒருவர் 2 மீட்டர் இடைவெளியில், வேறு மண்ணில், 15 முதல் 40 செ.மீ. வரையுள்ள மரங்களை வெட்டி எழுதிய சூத்திரத்தை, 4 அடி இடைவெளியில் 10 செ.மீ. மரத்துக்குப் போட்டால் அது பொறுப்பேற்காது. பக்கக்கிளை கழித்த குளோன் தோட்டத்துக்கும் கழிக்காத நாட்டுச் சவுக்குக்கும் ஒரே சூத்திரம் ஆகாது.

சோதிக்க ஆறு மரம் வெட்ட வேண்டும். சராசரி மரம் ஆறு எடுக்காதீர்கள். ஒல்லியில் இரண்டு, நடுத்தரத்தில் இரண்டு, தடித்ததில் இரண்டு எடுங்கள். நிற்கும்போதே சுற்றளவு அளந்து எழுதிவிட்டு, வெட்டி, ஒரு மீட்டர்த் துண்டுகளாக்கி, முக்காலி கட்டித் தொங்கவிட்ட தராசில் உடனே எடை போடுங்கள். கட்டை தனி, கிளை தனி, ஊசிக்குச்சி தனி. ஆறில் ஐந்து ஒரே பக்கம் விலகினால் சூத்திரம் இந்தத் தோட்டத்துக்கு ஆகாது. மேலும் கீழுமாகக் கலந்து விலகினால் சூத்திரம் பரவாயில்லை, மேலே சொன்னவற்றில் எதையோ விட்டுவிட்டீர்கள்.

### கணக்கு குறைவு, மேடை அதிகம்

யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் நின்ற மரத்தை மொத்தமாகப் பேசி விற்ற நிலத்துக்காரருக்கு இது நேரடி நஷ்டம்.

முதலில் பார்க்க வேண்டியது, சராசரிச் சுற்றளவைச் சூத்திரத்தில் போட்டு மர எண்ணிக்கையால் பெருக்கினீர்களா என்பது. 10 செ.மீ. மரமும் 30 செ.மீ. மரமும் சேர்ந்தால் சராசரி 20. ஆனால் 20-ன் வர்க்கம் இரண்டு தடவை 800, நிஜத்தில் 100-ம் 900-மாக 1,000. ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. விதைக் கன்று நட்ட, ஏற்ற இறக்கம் அதிகமுள்ள தோட்டத்தில் இந்த இழப்பு பெரிது. குளோன் தோட்டத்தில் சிறிது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே எடை கண்டு கூட்டுங்கள்.

அடுத்தது கால்சுற்றுக் கணக்கு. மர வியாபாரத்தில் சுற்றளவை நாலாக மடித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். உருளையின் உண்மையான கன அளவில் இது 78.5 விழுக்காடுதான் காட்டும். வியாபாரத்தில் இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் தவறில்லை. உயிர்மத் திணிவு (மரத்தின் மொத்த எடை) கணக்கில் இதைக் கலந்தால் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போய்விடும்.

கவட்டை மரத்தைப் பாருங்கள். 1.37 மீட்டருக்குக் கீழே பிரிந்திருந்தால் இரண்டு தண்டாக அளக்க வேண்டும், மேலே பிரிந்தால் ஒன்று. இரண்டாவது தண்டை எழுதாமல் விட்டிருப்பார்கள். மழை பெய்த மறுநாள் ஏற்றிய லோடில் ஈரமும் மணலும் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மடக்கையில் (லாகரிதத்தில்) பொருத்திய சூத்திரமாக இருந்தால், திரும்ப எடைக்கு மாற்றும்போது கொஞ்சம் குறைத்தே காட்டும். அதற்கான திருத்தப் பெருக்கெண்ணைச் சூத்திரத்தோடு கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். சூத்திரத்தின் பிழைவிலகல் 0.2 என்றால் இது 2 விழுக்காடு, 0.3 என்றால் நாலரை. பெரிய ஓட்டைகளை அடைத்த பிறகு பார்க்க வேண்டிய சின்ன ஓட்டை.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஆறு மரமும் ஒரே பக்கம் 15 விழுக்காட்டுக்கு மேல் விலகி, தோட்டம் பெரிதாக இருந்தாலோ, கார்பன் கணக்கோ வங்கிக் கடனோ இந்த எண்ணை நம்பி இருந்தாலோ, புதிய சூத்திரம் வேண்டும். அதற்கு முப்பது மரமாவது வெட்ட வேண்டிவரும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கோயம்புத்தூர் நிறுவனத்திலோ மர அளவியல் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். வெட்டும் முன் கூப்பிடுங்கள், வெட்டிய பின் அவருக்கு வேலையில்லை.

## அறிகுறி 5: உலர் எடை விசித்திரமாக வருகிறது

### ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது

பயப்பட வேண்டாம், எதை அடியாக வைத்து வகுத்தீர்கள்? மரத்தைக் குறுக்காக அறுத்தெடுத்த 500 கிராம் பச்சை வில்லை காய்ந்து 290 கிராம் ஆகிறது. போன தண்ணீர் 210. பச்சை எடையால் வகுத்தால் 42 விழுக்காடு, உலர் எடையால் வகுத்தால் 72. இரண்டும் சரி. மர நூல்கள் பெரும்பாலும் உலர் எடையையும், விறகும் ஆலையும் பேசுபவர்கள் பச்சை எடையையும் அடியாகக் கொள்வார்கள். எதை வைத்தீர்கள் என்று தாளில் எழுதுங்கள். வெறும் "ஈரம்" என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது.

### ஒரே மரத்தின் வில்லைகள் வேறு வேறு விகிதம் காட்டுகின்றன

அப்படித்தான் இருக்கும், அடியும் நுனியும் ஒன்றல்ல. அடிமரத்தில் மட்டும் வில்லை எடுத்தால் தவறு. அடி, நடு, நுனி என்று மூன்றிடத்தில் 2, 3 செ.மீ. கனத்தில் எடுங்கள்.

ஆனால் ஒரே இடத்து வில்லைகளே வேறுபட்டால், பச்சை எடையை எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். கொல்லையில் அறுத்து, சாக்கில் போட்டு, மாலையில் ஊருக்கு வந்து எடை போட்டால் பச்சை எடை போய்விட்டது. மர நிழலிலேயே ஒரு கிராம் காட்டும் தராசை வைத்து, அறுத்த கையோடு எடை போட்டு, வில்லை மேலேயே பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை சூட்டில் மங்கும். ஊசிக்குச்சியைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

### எடை இறங்கிக்கொண்டே இருக்கிறது

இன்னும் காயவில்லை. கட்டைக்கு 103 டிகிரி, ஊசிக்குச்சிக்கு 70 டிகிரி வைத்து, சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகளும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை விடுங்கள். சவுக்குக் கட்டை அடர்த்தி மிகுந்தது, கனமான வில்லை இரண்டு நாளில் காயாது. அடுப்பை அடைத்து நிரப்பினாலும் காயாது. வெயிலில் காயவைத்து "உலர் எடை" என்று எழுதுபவர்களை எனக்குத் தெரியும். அதில் ஈரம் இன்னும் மிச்சம் இருக்கும். அடுப்பு இல்லை என்றால் பக்கத்து வேளாண் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே கட்டாயம் ஒன்று இருக்கும்.

## அறிகுறி 6: அளவெல்லாம் சரி, மரம்தான் வளரவில்லை

மேலே உள்ள எதிலும் சிக்கவில்லை, இரண்டு தடவை அளந்தும் அதே எண். சரி, இனி மரத்தைப் பார்க்கலாம்.

தோட்டம் முழுக்க நின்றுவிட்டது. மழைக் கணக்கைப் பாருங்கள். கோடை நடுவே இரண்டு மாத இடைவெளியில் அளந்தால் வளர்ச்சி தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மாதத்தில், வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் அளப்பது என் வழக்கம். மூன்றாம் வருஷம் நெருங்கிய நடவில் மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டு வளர்ச்சி குறைவது இயல்பு, அதற்கு மருந்தில்லை.

திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. அந்தத் திட்டில் ஒரு மரத்தின் அடியில் மெல்லத் தோண்டி வேர்முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். சவுக்குக்குத் தழைச்சத்து சேர்த்துத் தரும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் அங்கேதான் குடியிருக்கும். தண்ணீர் தேங்கும் இடமா, உப்பு ஏறிய இடமா என்று பக்கத்துக் கொல்லைக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

ஒற்றை மரங்கள் நிற்கின்றன. தண்டில் சக்கையும் எச்சமும் கலந்த நூலாம்படைப் பட்டை தெரிந்தால் பட்டை தின்னும் புழு. தண்டில் துளையும் அடியில் மரத்தூளும் இருந்தால் தண்டு துளைப்பான். எத்தனை மரத்தில் என்று எண்ணி, அளவுத் தாளிலேயே ஒரு கட்டம் ஒதுக்கி எழுதுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: துளை விழுந்த மரம் மாதத்துக்கு மாதம் கூடினாலோ, திட்டு பரவினாலோ, உடனே வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ ஆலையின் பண்ணைக்காட்டு அலுவலருக்கோ சொல்லுங்கள். போகும்போது எண்ணிட்ட மரத் தாளையும், திட்டு எங்கே என்று குறித்த வரைபடத்தையும், பட்டை மாதிரி ஒன்றைக் காகித உறையிலும் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனால் "வந்து பார்க்கிறோம்" என்ற பதிலோடுதான் திரும்புவீர்கள்.